தலைக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேன்: கதிரும் குறைய வேண்டும், படமும் தெரிய வேண்டும்

பனை ஏறும் தொழிலாளி ஒருவர் கால் வழுக்கி வீழ்கிறார். மோட்டார் சைக்கிளில் சந்தைக்குச் சென்ற இளைஞர் சாலை வளைவில் சறுக்கித் தலையில் அடிபடுகிறார். வரப்பில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த முதியவருக்குத் திடீரென வாய் கோணி, ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலற்றுப் போகின்றன. இத்தகைய வேளைகளில் ஊரார் கூடி 108 வண்டியை அழைப்பதும், பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் துணைக்கு ஆஸ்பத்திரிக்குச் செல்வதும் நம் கிராமங்களில் வழக்கமாகியிருக்கிறது. அங்கே டாக்டர் பெரும்பாலும் முதலில் எழுதிக் கொடுப்பது தலைக்கு ஒரு சி.டி. ஸ்கேன்.

அவ்விடத்தில்தான் உறவினரிடையே இருவகைப் பேச்சு எழக் காண்கிறோம். "ஸ்கேன் எடுக்காத வைத்தியம் என்ன வைத்தியம்? இன்னொன்றும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்" என்பார் ஒருவர். "அது உடம்புக்குள் கதிரைப் பாய்ச்சுவது, பின்னாளில் புற்றுநோய் வரும், வேண்டாம்" என்பார் மற்றொருவர். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி தீங்கு விளைப்பது. ஆகவே, இந்த யந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது, அதன் கதிரை எந்த அளவுக்குக் குறைக்கலாம், எந்த இடத்தில் குறைக்கலாகாது என்பவற்றைத் துணைக்குச் செல்வோர் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

யந்திரம் பிறந்த கதை

எக்ஸ்ரே கதிரை ஜெர்மனியில் ராண்ட்ஜென் என்ற பேராசிரியர் 1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கண்டறிந்தார். எலும்பு முறிவைக் காண அது பெரிதும் உதவிற்று. ஆனால் மூளை, கெட்டியான மண்டையோட்டுக்குள் பொதிந்து கிடப்பது. சாதாரண எக்ஸ்ரே படத்தில் ஓட்டின் நிழலே தெரியுமன்றி, உள்ளிருக்கும் மூளை தெரியாது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் இந்தக் குறை நீடித்தது.

இதனைத் தீர்த்து வைத்தவர் ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு 1919-இல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயரில் பிறந்து, தந்தையின் சிறு பண்ணையில் வளர்ந்தவர். பண்ணை யந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதும், வைக்கோற்போரின் உச்சியிலிருந்து தாமே செய்த இறக்கையைக் கட்டிக்கொண்டு குதிப்பதுமாகக் கழிந்தது அவருடைய இளமைப் பருவம். பிற்காலத்தில் அவர் பணியாற்றிய ஈ.எம்.ஐ. கம்பெனி, நாயின் படம் போட்ட இசைத்தட்டுகளால் நம் நாட்டிலும் பெயர் பெற்ற அதே கம்பெனியாகும். அவருடைய முதற் சோதனை ஒன்றுக்கு 9 நாட்கள் பிடித்தன. கசாப்புக் கடையிலிருந்து மாட்டு மூளையை வாங்கி வந்தும் சோதித்திருக்கிறார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருக்கலாமென ஐயுறப்பட்ட ஒரு பெண்மணிக்கு முதன்முதலாக இந்தப் படம் எடுக்கப்பட்டது. கட்டி தெளிவாகத் தெரிந்தது. இதே துறையில் கணித ஆராய்ச்சி செய்த ஆலன் கார்மாக் என்பவருடன் சேர்ந்து 1979-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

கதிர் குறைந்தால் படம் ஏன் மங்குகிறது?

ஸ்கேன் யந்திரத்தில் எக்ஸ்ரே குழாய் தலையைச் சுற்றி வருகிறது. எதிர்ப்புறத்திலுள்ள உணர்விகள், தலையைக் கடந்து வந்த கதிர் எவ்வளவு என்பதை ஒவ்வொரு கோணத்திலும் அளக்கின்றன. அந்த எண்களைக் கொண்டு கம்ப்யூட்டர் கணக்கிட்டு, தலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போன்ற படத்தை அமைக்கிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கீற்றுப் பந்தலை எண்ணிக்கொள்ளுங்கள். சில இடங்களில் கீற்று நெருக்கமாகவும் சில இடங்களில் இடைவெளி விட்டும் வேயப்பட்டிருக்கிறது. பந்தலை அண்ணாந்து பார்க்க முடியாது. கீழே வரிசையாக வைத்த சட்டிகளில் எத்தனை மழைத்துளி விழுந்தது என்பதை எண்ணியே கீற்றின் நெருக்கத்தைச் சொல்ல வேண்டும். லேசான தூறலில் ஒரு சட்டியில் 8 துளி விழும், பக்கத்துச் சட்டியில் 12 விழும். அந்த வேறுபாடு கீற்றினால் வந்ததா, தற்செயலாக வந்ததா என்று கூற இயலாது. நல்ல மழை பெய்தால்தான் ஐயம் நீங்கும்.

எக்ஸ்ரே கதிரும் துளித்துளியாகவே வருகிறது. சராசரியாக 100 துளி விழும் இடத்தில் தற்செயலான ஏற்றத்தாழ்வு 10 வரை இருப்பது இயல்பு. அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 துளி விழும் இடத்தில் அது 100 ஆகும். அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். இந்த ஏற்றத்தாழ்வே படத்தின்மேல் மணலைத் தூவினாற்போன்ற புள்ளிகளாகத் தோன்றுகிறது. மணலைப் பாதியாக்க வேண்டுமாயின் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். மாறாகக் கதிரைப் பாதியாகக் குறைத்தால் மணல் இரட்டிப்பதில்லை, சுமார் 1.4 மடங்கே கூடுகிறது. கண்ணுக்கு மிக அழகான படம் வேண்டுமென்று கேட்பது எவ்வளவு கதிர் செலவாகும் காரியம் என்பதும், சிறிது மணலைப் பொறுத்துக்கொண்டால் எவ்வளவு மிச்சம் என்பதும் இந்தக் கணக்கிலிருந்து விளங்கும்.

எவ்வளவு கதிர், எவ்வளவு அபாயம்?

கதிரினால் உடலுக்கு நேரக்கூடிய அபாயத்தை மில்லிசீவர்ட் என்னும் அளவையால் குறிப்பர். மண்ணிலும் பாறையிலும் வானத்திலும் உணவிலும் இயற்கையாகவே கதிர் உண்டு. உலகச் சராசரியாக ஒருவர் ஆண்டுக்கு இவ்வாறு பெறுவது 2.4 மில்லிசீவர்ட். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி போன்ற தாது மணற் கரைகளில் இது இன்னும் கூடுதல். பெரியவர் ஒருவர் தலைக்கு ஒருமுறை சி.டி. எடுப்பதால் பெறுவது ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். அதாவது பத்து மாதத்து இயற்கைக் கதிரை ஒரே தடவையில் பெறுவதாகக் கொள்ளலாம். மார்புக்கு எடுக்கும் எக்ஸ்ரே படம் ஒன்றைப் போல் இது சுமார் 100 மடங்கு.

வாதத்தால் விழுந்த அறுபது வயதுப் பெரியவருக்கு இந்த அளவு ஒரு பொருட்டன்று. இரத்தக் குழாய் அடைத்ததா, வெடித்ததா என்பதைப் படம் பார்த்தே கூற முடியும். அடைப்பாயின் அதனைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். இரத்தக் கசிவு உள்ளவருக்கு அதே மருந்து உயிருக்கே ஆபத்தாகும். கதிருக்கு அஞ்சி அங்கே ஸ்கேனைத் தள்ளிப் போடுவது பேதைமை.

குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுடைய உயிரணுக்கள் விரைந்து பெருகுபவை; வாழவேண்டிய ஆண்டுகளும் அதிகம். பிரிட்டனில் சி.டி. எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 1,78,000 இளவயதினரின் விவரங்களை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. பத்து வயதுக்குட்பட்ட 10,000 குழந்தைகளுக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் இரத்தப் புற்று ஒருவருக்கும் மூளைக் கட்டி ஒருவருக்கும் கூடுதலாக நேரக்கூடும் என்பது அதன் மதிப்பீடு. முன்பே இருந்த நோயினால்தானே அக்குழந்தைகள் ஸ்கேனுக்கு வந்தார்கள் என்று சில அறிஞர்கள் ஆட்சேபம் எழுப்பினர், அதுவும் சிந்திக்கத்தக்கதே. எனினும் ஐரோப்பிய நாடுகள் ஒன்பதில் பெரிய அளவில் நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியும் அபாயம் சிறிதெனினும் உண்டு என்றே காட்டுகிறது. பத்தாயிரத்தில் ஒன்று என்பது, உயிர் காக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. தேவையற்ற இடத்தில் அந்த ஒன்றையும் நாம் ஏன் ஏற்க வேண்டும்?

கேள்விக்குத் தக்க கதிர்

நெல்லுக்குப் பாய்ச்சும் நீரைக் கேழ்வரகுக்குப் பாய்ச்சுவாரில்லை. சி.டி. விஷயத்திலும் எதைக் காண விரும்புகிறோமோ அதற்குத் தக்கவாறே கதிர் தேவைப்படுகிறது.

உடலின் ஒவ்வொரு பொருளுக்கும் சி.டி. படத்தில் ஓர் எண் உண்டு. அதற்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே இட்டிருக்கிறார்கள். நீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கெட்டியான எலும்புக்கு 1000-க்கு அருகில். உறைந்த புது இரத்தம் 60 முதல் 80 வரை. மூளையின் சாம்பல் நிறப் பகுதி 35 முதல் 40. வெண்மைப் பகுதி 25 முதல் 30. அதாவது மூளையின் இரு பகுதிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பத்துக்குள் அடங்கிவிடுகிறது. வாதம் கண்ட முதற் சில மணி நேரத்தில், சாம்பல் பகுதியின் எண் சற்றே இறங்கி, இரண்டுக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு மங்கும். இந்த மெல்லிய மங்கலைத்தான் டாக்டர் தேடுகிறார். அங்கே படத்தில் மணல் மிகுந்தால் அடையாளம் மறைந்துபோகும். ஆகவே இத்தகைய நோயாளிக்குக் கதிரை அளவுக்கு மீறிக் குறைப்பது சிக்கனமன்று. கொடுத்த கதிரையும் வீணாக்குவதாகும்.

மண்டையோடு விரிந்திருக்கிறதா என்று பார்க்க அவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. எலும்புக்கும் மூளைக்கும் இடையே நூற்றுக்கணக்கான எண் வித்தியாசம் இருப்பதால் மணலுக்கிடையேயும் விரிசல் தெரியும். மூளையில் நீர் கோத்துக் குழாய் பொருத்தப்பட்ட குழந்தைகளுக்கு, குழாய் அடைத்திருக்கிறதா, நீர்ப்பைகள் பெருத்திருக்கின்றனவா என்று வாழ்நாளில் பலமுறை பார்க்க நேரிடுகிறது. அங்கே கேள்வி பையின் அளவைப் பற்றியதே. மிகக் குறைந்த கதிரில் எடுத்த படமே போதும். வசதியுள்ள இடங்களில் கதிரே இல்லாத எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தையாயின் அதன் வழியே ஒலியலைப் படம் பார்ப்பதும் உண்டு.

யந்திரத்தில் செய்யக்கூடியவை பல. குழாயின் மின்னழுத்தத்தைக் குறைத்தால் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் உள்ள வேறுபாடு சற்று எடுப்பாகத் தெரியும். மெல்லிய ஓடுடைய குழந்தைகளுக்கு இது நன்கு பயன்படுகிறது. தலையின் பருமனுக்கேற்பக் கதிரைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அமைப்பு புது யந்திரங்களில் இருக்கிறது. படத்தை அமைக்கும் கணக்கு முறையும் மாறியிருக்கிறது. ஒரு படத்தை உத்தேசமாக அமைத்து, அளந்த எண்களோடு ஒப்பிட்டு, மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டே போகும் முறையினால் குறைந்த கதிரிலும் மணல் அடங்குகிறது. முதல் யந்திரத்தில் கையாண்டதும் ஏறத்தாழ இவ்வகை முறைதான். வேகம் போதாமையால் நெடுங்காலம் கைவிடப்பட்டு, கம்ப்யூட்டர்களின் ஆற்றல் பெருகிய பின் மீண்டும் வந்திருக்கிறது. ஆயினும் எச்சரிக்கை ஒன்று உண்டு. மணலை மிகையாக வழித்தெடுத்த படம் மெழுகு பூசினாற்போல் வழவழப்பாக இருக்கும். அதிலே சிறிய, மெல்லிய நோய்க்குறியும் சேர்ந்து வழிபட்டுப் போகக்கூடும். பார்வைக்கு நேர்த்தியான படமெல்லாம் நோயைக் காட்டும் படம் ஆகிவிடாது.

செலவே இல்லாத உபாயங்களும் உள்ளன. தலையை வளையத்தின் நடுமையத்தில் சரியாகக் கிடத்துதல், மண்டையின் அடியிலிருந்து உச்சி வரை மட்டும் எடுத்து அதற்குக் கீழே கழுத்துக்குப் போகாதிருத்தல், முகவாயைச் சற்றுத் தாழ்த்தியோ வளையத்தைச் சாய்த்தோ கண்கள் கதிரின் பாதையில் படாமற் காத்தல் ஆகியவை அவை. கண்ணின் வில்லை கதிரினால் புரை காணக்கூடியது; எனவே இறுதியிற் சொன்னதற்கு முக்கியத்துவம் அதிகம்.

எண்ணைப் பாராததால் வந்த கேடு

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 2008-ஆம் ஆண்டு யந்திரத்தின் அமைப்பு எண்களை மாற்றினார்கள். மூளையின் இரத்த ஓட்டத்தை அறிய ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் பரிசோதனைக்கான மாற்றம் அது. மாற்றியதில் பிழை நேர்ந்துவிட்டது. அதன் பின் சுமார் 18 மாதங்களில் 206 நோயாளிகள், பெறவேண்டியதைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு கதிரைப் பெற்றனர். சிலருக்குத் தலையைச் சுற்றிப் பட்டையாக முடி கொட்டிற்று. அதைக் கொண்டே 2009-இல் உண்மை வெளிப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், கதிரின் அளவு ஒவ்வொரு முறையும் யந்திரத்தின் திரையில் எண்ணாகத் தோன்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கருத்தூன்றிப் பார்த்தவர் இல்லை. படம் நன்றாகவே வந்தது. கதிர் மிகுந்தால் படம் நன்றாகத்தானே வரும்! கதிர் குறைந்தால் படம் மங்கி உடனே முறையீடு வருகிறது. மிகுந்தால் ஒருவரும் குறை சொல்வதில்லை. தானே குறைத்துக்கொள்ளும் அமைப்புக்கூட, மிகையான தெளிவு வேண்டுமென்று கட்டளையிட்டு வைத்தால் கதிரைக் கூட்டவே செய்யும். இந்நிகழ்ச்சிக்குப் பின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒவ்வொரு சி.டி. பரிசோதனையின் கதிர் அளவையும் எழுதி வைக்க வேண்டுமென்று சட்டம் இயற்றினார்கள்.

நம் நாட்டில் இதற்குப் பொறுப்பானது 1983-இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதன் உரிமம் இன்றிச் சி.டி. யந்திரத்தை இயக்கலாகாது, குறித்த காலங்களில் யந்திரத்தைச் சோதித்துச் சான்று வைத்திருக்கவும் வேண்டும். திரையில் தோன்றும் எண்களில் ஒன்று மில்லிகிரே என்னும் அளவையில் இருக்கும். பெரியவர் தலைக்கு ஒருமுறை எடுத்தால் அது பெரும்பாலும் 40 முதல் 60 வரை அமைகிறது. ஐரோப்பாவில் 60 என்பதை ஓர் எச்சரிக்கைக் கோடாக வகுத்திருந்தார்கள்; வழக்கமாக அதைத் தாண்டும் நிலையம் காரணத்தை ஆராய வேண்டும் என்பது கருத்து. யாரோ ஒரு நோயாளிக்கு ஒருமுறை கூடியதால் கேடு விளைந்துவிட்டது என்று பொருளன்று.

துணைக்குச் செல்பவர் செய்யத்தக்கவை

யந்திரத்தின் எண்களை நாம் திருத்த இயலாது. ஆனால் நூற்றுக்கு நூறு கதிரையும் மிச்சப்படுத்தும் வழி ஒன்று நம் கையில் இருக்கிறது; எடுக்க வேண்டாத ஸ்கேனை எடுக்காதிருத்தலே அது.

குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டால் பெற்றோர் பதறுவது இயற்கை. அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,412 சிறுவர்களை ஆராய்ந்து 2009-இல் வகுத்த விதிகளை உலகெங்கும் டாக்டர்கள் கையாளுகின்றனர். இரண்டு வயது கடந்த குழந்தை தெளிவாக நினைவோடு இருந்து, மயங்காமலும் வாந்தி எடுக்காமலும் கடுமையான தலைவலி இல்லாமலும் இருந்து, மண்டையின் அடிப்பாகம் முறிந்ததற்கான அடையாளமும் இன்றி, அடிபட்ட விதமும் கடுமையானதன்று என்றால், பெருங்காயம் இருப்பதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. அத்தகைய குழந்தையைச் சில மணி நேரம் வைத்துக் கவனிப்பதே போதும் என்று டாக்டர் கூறினால், அவரை அசட்டை செய்பவராக எண்ணி வற்புறுத்துதல் தகாது. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்க்கு விதிகள் வேறு. அதனை டாக்டரே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் இரண்டு இடங்களில் ஸ்கேன் எடுப்பது. தாலுகா ஆஸ்பத்திரியில் எடுத்து, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது படத்தை மறந்துவிட்டுச் சென்றால், அங்கே மறுபடியும் எடுக்கத்தான் செய்வார்கள். கதிரும் இருமடங்கு, நேரமும் இழப்பு. புறப்படுமுன் படம், குறுந்தகடு, அறிக்கை மூன்றையும் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது உடன் செல்பவரின் முதற் கடமை. செல்போனில் அவற்றைப் புகைப்படம் பிடித்து அனுப்புவது நல்லதே. ஆயினும் முழுப் படத்துக்கு அது ஈடாகாது. நோய் முற்றும்போது டாக்டரே மறுபடி எடுக்கச் சொல்வது வேறு விஷயம், அதைத் தடுக்கலாகாது.

தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, கழற்றத்தக்க பொய்ப்பல் முதலியவற்றை முன்னதாகவே நீக்கிவிட வேண்டும். உலோகத்தைச் சுற்றிப் படத்தில் கோடு கோடாக விழுந்து மூளையை மறைக்கும். மறுபடி எடுக்க நேரும். தலை அசைந்தாலும் அவ்வாறே. குழந்தை அழுதால் தாயோ தந்தையோ ஈயக் கவசம் அணிந்து உடன் நிற்க அனுமதிப்பது உண்டு. கருவுற்ற தாய் உள்ளே நிற்கலாகாது. நோயாளியே கருவுற்றவராக இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். கதிர் தலையை மட்டுமே நாடுவதால் கருவைச் சேர்வது மிகச் சொற்பம். அதனால் அவசியமான ஸ்கேனை மறுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேட்கலாம். ஸ்கேன் முடிந்ததும், குழந்தையின் வயதுக்குரிய அமைப்பில்தான் எடுக்கப்பட்டதா என்று ரேடியோகிராபரை வினவுவதிலும், திரையில் கண்ட கதிர் அளவை அறிக்கையில் எழுதித் தரும்படி வேண்டுவதிலும் தவறில்லை. அந்த எண் நமக்கு விளங்காவிடினும், அடுத்த முறை பார்க்கும் டாக்டருக்கு விளங்கும். அந்த அறிக்கையைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து, கூரை எறவாணத்தில் செருகாமல், நனையாத பெட்டியில் வைத்துக்கொள்க.